குருவி சொன்ன எபிசோடுகள்

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நீங்கள் பார்த்துக்கொள்ளும் நோயாளி அம்மாவும் நலமா? கையில் மருந்துப் பாட்டில் இருந்தால் முதலில் கீழே வையுங்கள். 'பாதி வாசல்' மறுபடியும் வருகிறது.

சத்தியமாக அண்ணி. பத்து வருஷத்துக்கு முன்னால் டீச்சரைப் பெட்டியோடு வாசலில் நிறுத்திவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சீரியலை முடித்துவிட்டு ஓடினார்களே, அதே கதைதான், விட்ட இடத்திலிருந்து. அதே டீச்சர். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், முறைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இன்ஜினியர்தான் ஆள் மாறிவிட்டார். புதியவருக்கு விக். காற்றடிக்கிற காட்சியில் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு மனைவியை நினைத்து உருகுகிறார். நான் சிரித்த சிரிப்பில் அம்மா கட்டிலிலிருந்து அதட்டினாள்.

இதுவரை கதை இதுதான். டீச்சரை விட்டுவிட்டு பியூட்டி பார்லர்க்காரியோடு போன இன்ஜினியருக்கு இப்போது புத்தி வந்திருக்கிறது. டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மாடி அறை எடுத்துத் தனியாக இருக்கிறாள். அவளைத் தேடி இவர் கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை பஸ் ஏறுவதோடு நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் தங்கி வேலை பார்க்கும் வீட்டில் டிவி சத்தம் நோயாளிக்கு ஆகாது என்று கழற்றிவிட்டார்கள் என்று சொன்னீர்கள். போனில் சொல்லலாமென்றால் நீங்கள் அங்கே கிசுகிசுக்க வேண்டும், இங்கே அண்ணன் காதை நீட்டிக்கொண்டு நிற்பார். அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு இரண்டு வருஷமாகியும் இடுப்பெலும்பு கூடவில்லை. லேபிலிருந்து வந்ததும் அவளைத் துடைத்துப் புரட்டிப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்காரும் அரை மணிதான் என் ராஜ்ஜியம்.

உங்கள்
குருவி


ஜூன் 10

அன்புக் குருவிக்கு,

உன் கடிதத்தைக் கழிப்பறையில் நின்று படித்துச் சிரித்தேன். வெளியே வந்தபோது நோயாளி அம்மா, "சிஸ்டர், வயிறு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

பழைய நாளெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த வீட்டுக்கு நான் வந்த புதிதில் நாத்தனார் என்றாலே எனக்குப் பயம். நான் அடுப்படியில் நிற்பேன். நீ டிவி பார்த்துவிட்டு ஓடி வந்து, அழுகிறவளாகவும் அழ வைக்கிறவளாகவும் நீயே நடித்துக் காட்டுவாய். அப்போது போனது அந்தப் பயம். நாம் போட்டுக்கொண்ட சட்டம் ஞாபகம் இருக்கிறதா? பார்த்தவள் பார்க்காதவளுக்கு உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது. ஒரு முறை எனக்குத் தலைவலி என்று சோகத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டு, மறுநாள் தானே வந்து ஒப்புக்கொண்டவள் நீ.

உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. உன் அண்ணன் மாதம் தவறாமல் போன் செய்து வரச் சொல்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தன் மெக்கானிக் பட்டறையில் வண்டி பழுதுபார்க்க விட வந்தவர்கள் அத்தனை பேர் முன்னால் என்னைக் கன்னத்தில் அறைந்தவர். அன்றைக்கு அந்த வீட்டில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டவள் நீ ஒருத்திதான். அதை நான் மறக்கவில்லை. ஆனால் எத்தனை நாள் இன்னொருவர் வீட்டு ஸ்டோர் ரூமில் படுப்பது என்றும் தோன்றுகிறது. இன்ஜினியர் செய்தது வேறு, உன் அண்ணன் செய்தது வேறு, தெரியும். இருந்தாலும் டீச்சர் என்ன செய்கிறாள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் போல இருக்கிறது. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டாள்.

அதனால் ஒரு வசனம் விடாமல் எழுது.

உன் அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

போன வாரம் எழுதாததற்கு மன்னிக்கவும். லேபில் ஆள் பற்றாக்குறை, ரத்தம் எடுத்து எடுத்துக் கை ஓய்ந்துவிட்டது. ஆனால் எழுத விஷயம் இருக்கிறது.

இன்ஜினியர் பள்ளிக்கூட கேட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் எல்லாம் போன பிறகு டீச்சர் வெளியே வருகிறாள். காலில் விழுவார், ஆர்ப்பாட்டம் செய்வார் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை அண்ணி. தள்ளி நின்றே சொல்கிறார். வசனம் அப்படியே எழுதுகிறேன்: "மன்னிக்கச் சொல்லலை. நல்லா ஒரு தடவை திட்டிடு. திட்டி முடிச்சிட்டு போன்னு சொன்னா போயிடறேன்." டீச்சர் திட்ட வாயைத் திறக்கிறாள், அழுகை வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை அவளே அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். இந்த வாரம் பெட்டியை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பிவிட்டாள். வீட்டு வாசலில் நின்று, "இனிமே இந்தக் கதவு ரெண்டு பேருக்கும் திறந்திருக்கணும்" என்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

டீச்சர் யோசிக்காமல் செய்திருப்பாளா சொல்லுங்கள்? மனிதன் என்றால் தப்புச் செய்வதுதான். அண்ணனும் இப்போதெல்லாம் சத்தம் போடுவதில்லை. நான் சிபாரிசு செய்யவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்கள்
குருவி


ஜூலை 8

அன்புக் குருவிக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. டீச்சர் போய்விட்டாள் என்றதும் முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் நினைத்தேன், அவ்வளவு ரோஷக்காரியே இறங்கி வந்தால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வந்திருந்தார். உனக்குத் தெரிந்திருக்கும். இந்த வீட்டில் உள்ளே கூப்பிட முடியாது, கீழே கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசினோம். சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பிறகு, "மன்னிக்கச் சொல்லலை. நல்லா ஒரு தடவை திட்டிடு. திட்டி முடிச்சிட்டு போன்னு சொன்னா போயிடறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது இன்ஜினியர் வசனம்ல?" என்றேன். "நானும் பார்க்கறேன்ல" என்றார், வெட்கப்பட்டுக்கொண்டு. நாம் சீரியல் பார்த்தால் டிவியை அணைக்கிற மனிதர் உட்கார்ந்து பார்த்து, அதில் ஒரு வசனத்தை எனக்காக ஞாபகம் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாரே என்று மனசு இளகிவிட்டது குருவி.

மாதக் கடைசியோடு வேலையை விட்டு நிற்கிறேன் என்று இங்கே சொல்லிவிட்டேன். அவர்களும் வேறு ஆள் பேசிவிட்டார்கள். அத்தைக்கு முதுகில் புண் வராமல் எப்படிப் படுக்க வைப்பது என்று இங்கே நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். வந்ததும் உனக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கிறேன். நீயும் நானும் சேர்ந்து உட்கார்ந்து 'பாதி வாசல்' பார்ப்போம். எனக்கு அதுதான் பெரிய ஆசை. உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே.

உன் அண்ணி


ஜூலை 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் அறையை ஒழித்துச் சுத்தம் செய்துவிட்டேன். திரைச்சீலை துவைத்துப் போட்டாயிற்று. முப்பதாம் தேதி காலை பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். சீரியலில் இந்த வாரம் விசேஷமாக ஒன்றும் இல்லை, டீச்சரும் இன்ஜினியரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

உங்களிடம் நேரில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. நல்ல விஷயம்தான்.

உங்கள்
குருவி


ஜூலை 20

குருவிக்கு,

நேற்று நோயாளி அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் பிசியோதெரபிக்காக அழைத்துப் போனேன். அவர்களை உள்ளே விட்டுவிட்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவரில் டிவி. 'பாதி வாசல்' ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? முன்வரிசைக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

டீச்சர் மைதானத்தில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். மாடி அறைக்குத் தனியாக வந்தாள். தனியாகச் சாப்பிட்டாள். ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம், "இது பழைய எபிசோடா?" என்று கேட்டேன். "நேத்து வந்ததுதான் அக்கா, மறு ஒளிபரப்பு" என்றாள். "டீச்சர்தான் இன்ஜினியர் வீட்டுக்குப் போயிட்டாளே" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்கா, நீங்க எந்த சீரியலைப் பார்க்கறீங்க? அவர் கேட்டுக்கு வந்தார், இவ முகத்துக்கு நேரா கேட்டைச் சாத்திட்டு கிளாஸ் எடுக்கப் போயிட்டா. எங்க வீட்ல எல்லாரும் கை தட்டினோம்."

நான் விடவில்லை. திட்டச் சொல்லி அவர் கேட்டாரே, அந்த வசனம் எங்கே என்றேன். அப்படி ஒரு வசனமே கிடையாது என்று அடித்துச் சொன்னாள். பெரிய விசிறி போலிருக்கிறது, வாரம் வாரமாகக் கதையை ஒப்பித்தாள். பெண்கள் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி அவளோடு சண்டை போட்டேன். உனக்காகச் சண்டை போட்டேன். என் நாத்தனார் பொய் சொல்லமாட்டாள் என்று அவளிடம் சொன்னேன்.

பிறகுதான் உன் அண்ணன் ஞாபகம் வந்தது. சீரியலில் இல்லாத வசனத்தை அந்த மனிதர் எங்கே பார்த்தார்? நீ எழுதி, எனக்கு ஒரு பிரதியும் அவருக்கு ஒரு பிரதியும் கொடுத்திருக்கிறாய். அவர் மனப்பாடம் செய்து வந்து கார் நிறுத்துமிடத்தில் ஒப்பித்திருக்கிறார். நான் பைத்தியக்காரி, அங்கே நின்று சிரித்திருக்கிறேன்.

ஏன் செய்தாய்? அது ஒன்றை மட்டும் எழுது. இந்த முறையாவது உள்ளது உள்ளபடி.

அண்ணி


ஜூலை 25

அண்ணிக்கு,

திட்டுங்கள். நான் செய்ததுதான். கண்ணாடி முன்னால் நிற்க வைத்து மூன்று முறை சொல்ல வைத்தேன் அவரை. "போயிடறேன்" என்ற இடத்தில் கோபமாகச் சொன்னார், திருத்தினேன்.

டீச்சர் கேட்டைச் சாத்திய அன்று காலையில்தான் எனக்கு வேலை உத்தரவு வந்தது. வேறு ஊரில், பெரிய ஆஸ்பத்திரி லேபில், தங்க அறையோடு. பரீட்சை எழுதியது யாருக்கும் தெரியாது. ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும். அண்ணனிடம் காட்டினேன். "அம்மாவை யார் பார்க்கிறது? உங்க அண்ணியைக் கூட்டிக்கிட்டு வந்து வெச்சிட்டு நீ எங்க வேணா போ" என்றார். அன்று சாயந்திரம் டிவி முன்னால் உட்கார்ந்தால் இந்த டீச்சர் இப்படிச் செய்கிறாள். நீங்களோ அவளைப் பார்த்து முடிவெடுப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் என்ன செய்வேன்?

நீங்கள் பெட்டியோடு போனீர்கள், நான் தூக்கிக்கொண்டு வந்தேன். என் பெட்டியைத் தூக்க இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? எனக்கு முப்பத்தாறு வயது. அம்மாவின் மலஜலம் எடுத்தே இந்த இரண்டு வருஷம் போய்விட்டது. நீங்கள் போன பிறகு இங்கே யார் செய்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

அண்ணன் முன்பு போல இல்லை. இனிமேல் கை நீட்டமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அறை தயாராக இருக்கிறது. எனக்காக வாருங்கள் அண்ணி. உங்களைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

குருவி


ஆகஸ்ட் 6

குருவிக்கு,

முப்பதாம் தேதி வரை பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். போட்டால் எங்கே பஸ் ஏறிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

நான் கேட்கவில்லை என்கிறாய். உண்மை. அத்தைக்கு இடுப்பு உடைந்தது தெரிந்தும், நீ பார்த்துக்கொள்வாய் என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். வேலை வந்திருக்கிறது, அம்மாவைப் பார்க்க ஆள் இல்லை என்று நீ ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில் உனக்காக வந்தே இருப்பேன். வீட்டுக்கு வரமாட்டேன் என்றாலும் அத்தையை என்னோடு அழைத்துக்கொண்டிருப்பேன். இதுதானே என் தொழில். நீ கேட்கவில்லை. ஏமாற்றி உன் அண்ணன் அறைக்கே அனுப்பப் பார்த்தாய்.

'நினைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். நீ நினைத்தது தப்பாகப் போனால் வாங்குவது என் கன்னம். அன்றைக்கு அது வீங்கியிருந்ததை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நீதான். உன் அண்ணன் என்னை அறைந்தபோது எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் ஆச்சரியமாக இல்லை. கூட இருந்தே குழி பறித்தவள் நீ என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று பஸ்ஸில்கூட நான் அழவில்லை. பிசியோதெரபி வாசலில் அழுதேன். அந்த ரிசப்ஷன் பெண் காபி வாங்கிக் கொடுத்து, சீரியலுக்குப் போய் யாராவது இப்படி அழுவார்களா என்று கேட்டாள்.

நான் வேலை பார்த்த வீட்டில் புது ஆள் வந்துவிட்டாள். அந்த ரிசப்ஷன் பெண் சொல்லி அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே எனக்கு வார்டில் வேலை கிடைத்திருக்கிறது. விலாசம் எழுதவில்லை. உன் அண்ணனிடம் என் முடிவை போனில் சொல்லிவிட்டேன். கத்தினார். பழைய குரல் அப்படியே இருந்தது.

முதல் தேதி போய்விட்டது. நீ போனாயா, வாசலில் நிற்கிறாயா என்று எனக்குத் தெரியாது. போகாமலிருந்தால் இன்றைக்கே போ. பெற்ற தாயைத் துடைத்துப் புரட்டிப் போட அவருக்கும் கற்றுக்கொள்ள முடியும். உன்மேல் இருக்கிற கோபம் உன் அண்ணனுக்கு லாபமாகிவிடக் கூடாது.

எனக்கு எழுதாதே. எழுதினாலும் அதில் எது நடந்தது, எது நீ செய்தது என்று நான் தேடிக்கொண்டே இருப்பேன். அப்படி உன்னைப் படிக்க எனக்கு விருப்பமில்லை.

வார்டில் டிவி இருக்கிறது. சாயந்திரம் நோயாளிகள் எல்லோரும் 'பாதி வாசல்' பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் நான் படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறேன். பார்த்தால் உனக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கும்.