அக்கரைக்குத் தள்ளிய பிணம்

ஸ்னெல்பி,
3 மார்ச் 1926

அன்புள்ள டார்கஸ்,

கல்யாணமாகி ஹல் நகரத்துக்குப் போனவள் எங்களை மறந்தே விட்டாய். குளிரில் என் முழங்கால் படுத்தும் பாடு போதாதென்று, நம் ஊர் வரலாற்றை எழுதும் வேலையைப் பாதிரியார் என் தலையில் கட்டிவிட்டார். பன்றிச் சந்தை, மணிக்கூண்டில் இடி விழுந்தது எல்லாம் எழுதியாயிற்று. நாம் குழந்தைகளாக இருந்தபோது வெள்ளத்தில் வந்த பிணத்தையும் சேர்த்துவிட்டேன். ஓடையில் வரும் பிணம் எந்தக் கரையில் ஒதுங்குகிறதோ, அந்த ஊர்தானே புதைக்க வேண்டும்? என் அப்பா நீளக் கோலால் அதை அக்கரைக்குத் தள்ளி, "ஆர்ட்டன்காரங்களே, உங்க விருந்தாளி வர்றாரு, நல்லா கவனிங்க!" என்று கத்தினாராம். பாதிரியார் வயிறு குலுங்கச் சிரித்தார். உனக்கு ஞாபகமிருப்பதையும் எழுது.

உன் லெட்டிஸ்

ஹல்,
9 மார்ச்

அன்புள்ள லெட்டிஸ்,

அந்தப் பிணம் என் அப்பா. அம்மா சாகும்போது சொன்னாள். மறுநாள் ஆர்ட்டன் கோயிலில் கிடத்தியிருந்தபோது போய்ப் பார்த்தாளாம். நாங்கள் குடியிருந்தது உன் அப்பாவின் வீடு. வாயைத் திறந்தால் தெருவில்தான் நிற்க வேண்டும். அதனால் "ஓடிப்போனவன் பொண்ணு" என்று ஊரே கூப்பிட, கேட்டுக்கொண்டு வளர்ந்தேன். நீயும் கூப்பிட்டிருக்கிறாய்.

அந்தச் சிரிப்புக் கதையை எடுத்துவிடு. ஜோப் டிரிங்கல் ஓடிப்போகவில்லை, வெள்ளத்தில் மாண்டார் என்று ஒரு வரி எழுது. வேறெதுவும் கேட்கவில்லை.

டார்கஸ்

ஸ்னெல்பி,
20 மார்ச்

என் செல்ல டார்கஸ்,

படித்துவிட்டு அழுதேன். ஆனாலும் இத்தனை காலம் கழித்து யாருக்கு என்ன பிரயோஜனம், சொல்லு? அப்பா நினைவாக ஆலயத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். பாதிரியாரிடமும் கேட்டேன். "பாவம், அந்தம்மா மனசு கஷ்டம் புரியுது. ஆனா ஆள் யாருன்னு தெரியலன்னே இருக்கட்டும்" என்றார். செத்தவனைத் தள்ளியதில் அப்பா மேல் என்ன குற்றம்? கதை அப்படியே அச்சுக்குப் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே. ஈஸ்டருக்கு இங்கே வந்து நாலு நாள் இரு.

என்றும் உன் லெட்டிஸ்

ஹல்,
24 மார்ச்

லெட்டிஸ்,

செத்தவரை இல்லை. அம்மா அப்போது பாலத்தில் நின்றிருந்தாள். கோல் மேலே பட்டதும் அவர் அதைப் பிடித்துக்கொண்டாராம். உன் அப்பா உதறிவிட்டு மறுபடி தள்ளினார். இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்றிருந்தேன்.

அம்மா ஏன் கத்தவில்லை என்று கேட்பாய். முகம் தெரியவில்லை. யாரோ அயலூர்க்காரன், நம் ஊருக்குத் தொல்லை விட்டது என்று அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாளாம்.

டார்கஸ் டிரிங்கல்