தாடைக்குக் கீழே ஒரு கல்

மார்ச் 1, சனி

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். பக்கத்து வீட்டு ரோசம்மா அக்காவின் மகள் கல்யாண விருந்தில் பிரியாணித் தட்டு என் கைக்கு வருமுன்பே, வாசனைக்கே, என் இடது தாடைக்குக் கீழே தேசிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, ஏற்கனவே ஒரு துண்டு எடுத்து ஒளிச்சு வச்சிட்டீங்களா?” என்றார். மற்றவர்களுக்குச் சாப்பாட்டு ஆசை மனசுக்குள் இருக்கும். எனக்குக் கழுத்தில் தெரிகிறது. வலி வேறு. இருந்தும் இரண்டு தட்டு முடித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வீங்குகிறது, பிறகு வற்றுகிறது. என் மனைவி ராகினி தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்க்கிறவள். நானும் அதில் ஒன்று. “பொன்னுக்கு வீங்கிங்க. கழுத்துல தங்கத்தப் போட்டா வத்திரும்.”

அவள் சங்கிலி என் கழுத்துக்குப் பத்தவில்லை. ரோசம்மா அக்கா தன்னுடையதைக் கழற்றித் தந்தார், தொங்கும் சிலுவையோடு. நெற்றியில் திருநீறு, நெஞ்சில் சிலுவை. சலூனைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே கஹவத்தை பஸார் முழுக்கக் கேள்வி: “அண்ணே, ஞானஸ்நானம் எப்ப?”

மார்ச் 7

வற்றவில்லை.

மார்ச் 8, சனி

பகிடி போதும். அந்தோனி அண்ணனுக்கும் இதே இடத்தில்தான் தொடங்கியது. வெற்றிலை போட்டே தாடையில் பாதியைப் பறிகொடுத்தவர். கடைசி மாதத்தில் அவருக்குச் சவரம் செய்தது நான். கத்தி வைக்க இடமில்லாத கன்னம். நானும் இருபது வருஷமாக வெற்றிலை போடுகிறவன்தானே? ராகினியிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே பெயரை நினைத்துக்கொண்டு பருப்பைப் பற்றிப் பேசினோம்.

மார்ச் 10, திங்கள்

இரத்தினபுரி ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மா நாக்குக்குக் கீழே விரலை விட்டு அழுத்தினார். சிங்களத்தில், “பய வென்ட எப்பா” — பயப்பட வேண்டாமாம். டாக்டர் அப்படிச் சொன்ன பிறகுதான் பயமே வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. இல்லை! எச்சில் சுரக்கிற இடத்தில் கல் அடைத்திருக்கிறதாம். சாப்பாட்டைப் பார்த்ததும் எச்சில் ஊறுகிறது, போக வழியில்லாமல் வீங்குகிறது. அட்டையில் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாக எழுதியிருந்தது. நர்ஸ் றிப்னா தமிழில் சொன்னார்: தாடைக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பி. நாள் முழுக்க ஊரார் தாடையைத் தடவிப் பிழைக்கிறவன் நான். எத்தனை பேருடைய சுரப்பி மேல் கத்தி ஓட்டியிருப்பேன்! பெயர் இன்றைக்குத்தான் தெரியும்.

புளிப்பு சூப்ப வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், நீவிவிட வேண்டும். கல் தானாக விழலாம். 28ஆம் திகதி திரும்ப வந்து காட்ட வேண்டும். அதற்குள் விழாவிட்டால் சுரப்பியோடு வெட்டி எடுக்கத் திகதி கொடுப்பார்கள். அங்கே ஒரு நரம்பு ஓடுகிறதாம். அதில் பட்டால் உதடு ஒரு பக்கம் தொங்கலாம்.

உதடு தொங்கினால் நான் எப்படிப் பேசுவது? நான் வாயை மூடினால் சலூனுக்கு யார் வருவார்கள்? முடி வெட்டத் தெரிந்தவன் அடுத்த கடையிலும் இருக்கிறான்.

மார்ச் 15

தேசிக்காய். அம்பரெல்லா. வெரளு. எல்லாம் புளிப்பு. பல் கூசுகிறது. இந்த ஊரில் எல்லாரும் மண்ணைத் தோண்டி மாணிக்கக் கல் தேடுகிறார்கள். நான் வாயைத் தோண்டுகிறேன்.

மார்ச் 19

கண்ணாடி முன் உதட்டை ஒரு பக்கம் இழுத்துப் பேசிப் பார்த்தேன். ராகினி பார்த்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

மார்ச் 23, ஞாயிறு

விழுந்துவிட்டது!!! மத்தியானச் சோற்றில் கடக்கென்று பல்லில் பட்டது. துப்பினேன் — கல்! வெள்ளையாக, அரிசி நுனியளவு. பஞ்சில் வைத்துத் தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தினேன். இரவும் வீங்கவில்லை. ரோசம்மா அக்கா சிலுவையை முத்தமிட்டு, “சங்கிலி மெதுவாத்தான் வேல செய்யும் தம்பி” என்றார்.

மார்ச் 28, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கல்லே இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை? “ஒருக்கா காட்டிட்டாவது வந்துருங்களேன்,” என்றாள் ராகினி. “கடையில கல்லப் பாத்தவன் எல்லாம் நம்புறான், நீ நம்ப மாட்டியா?” என்று கத்திவிட்டேன். லேசாக ஒரு இறுக்கம் இருக்கிறது. காற்றுப் பட்டிருக்கும்.

மார்ச் 30, ஞாயிறு

நோன்புப் பெருநாளுக்கு முடி வெட்ட ஸாஜித் நானா வந்தார். மாணிக்கத் தரகர், எந்தக் கல்லையும் சும்மா விடமாட்டார். தீப்பெட்டியை நீட்டினேன். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையே எட்டிப் பார்த்தது.

“அண்ணன், இது உங்கட ஒடம்புல விளஞ்ச கல்லில்ல. மின்னுது பாருங்க. மணல் கல்லு. அரிசியில வந்திருக்கு.”

கடை அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது தாடைக்குக் கீழே வலித்தது.

இரவு வெறும் ரொட்டியும் சம்பலும். அதற்கே வீங்கியது. முன்பைவிடப் பெரிதாக.

ஏப்ரல் 3, வியாழன்

காய்ச்சல். நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறோம். ராகினி லீவு சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நான் கட்டுகிற சாரத்தையும் துவாயையும் பையில் அடுக்குகிறாள். இரண்டு சாரம் வைக்கிறாள். தங்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது.

பல்லில் கல் பட்ட அன்றைக்கு அரிசி களைந்தது நான்தான்.