மே மாதம் வரை பக்கத்து வீட்டில்

டெக்சஸ்
அக்டோபர் 11, 1998

கயல் அப்பாவுக்கு ருக்மிணி எழுதிக்கொண்டது.

இங்கே இருவரும் சௌக்கியம். கலிபோர்னியா டப்ளினிலும் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றீர்கள், ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் எடுத்துப் போடுங்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் கயல் காதில் விழும்.

வெள்ளிக்கிழமை அவள் பள்ளியில் ஹோம்கமிங், பழைய மாணவர்கள் எல்லாம் திரும்பி வருகிற அந்த ஃபுட்பால் திருவிழா. நம் ஊர்தான் தெரியுமே, இருப்பது ஒரே ஹைஸ்கூல், ஃபுட்பால் என்றால் கடைகளைக்கூட சீக்கிரம் பூட்டிவிடுவார்கள். அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் சாமந்திப்பூ வைத்துக்கொள்வார்கள் என்று கயல் சொல்லியிருந்தாள். இத்தனை வருஷத்தில் இந்தப் பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். ரவுண்ட் ராக் வரை டிரைவ் பண்ணிப் போய் மஞ்சள் சாமந்தி வாங்கி, நெருக்கமாகக் கட்டி, ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

காலையில் பார்த்தால் பக்கத்து வீட்டு டார்லீன் வருகிறாள். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாளே, அவள்தான். கையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு துணிப்பூ, அதிலிருந்து முழங்கால் வரை ரிப்பன், குட்டிக் குட்டி மணிகள், பளபளவென்று கயல் பெயர். இங்கே சாமந்தி என்றால் அதுதானாம். சட்டையில் குத்திக்கொள்வதாம், வீட்டில் அம்மாக்கள் செய்து கொடுப்பதாம். கயல் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் கட்டின சரத்தைப் பார்த்து, இட்ஸ் ஸ்வீட் அம்மா, பட் நாட் டுடே என்றாள். டார்லீன் அதை எடுத்து முகர்ந்து, ரொம்ப அழகு என்றாள். அதுதான் இன்னும் எரிந்தது.

ஆமாம், பொறாமைதான். நல்லவள் என்று தெரிந்தே வயிறு எரிகிறது. ஆறு வருஷமாக அந்த பஸ்ஸில் அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து கயல் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாளோ. மார்க் குறைந்தது, சிநேகிதியோடு சண்டை, எல்லாம் எனக்கு டார்லீன் வாயால்தான் தெரிகிறது. நான் கேட்டால் நத்திங் என்று ஒரே வார்த்தை.

இந்த அழகில் நீங்கள் போனில் அவளுக்குச் சரி சொல்லியிருக்கிறீர்கள். டிசம்பரில் இந்த வீட்டை விற்றுவிட்டு நாம் இருவரும் உங்கள் புது வேலைக்காகக் கலிபோர்னியாவில், அவள் மட்டும் டார்லீன் வீட்டில் தங்கி மே மாதம் பன்னிரண்டாவதை முடிப்பாளாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி வருஷத்தில் பள்ளி மாற்றக் கூடாது என்பது நியாயம்தான், அதனால்தான் சண்டை போடவும் முடியவில்லை. டார்லீன் அதற்குள் மாடி அறைக்குப் பெயிண்ட் அடித்துவிட்டாள். எந்தக் கலர் வேண்டும் என்று கயலைக் கேட்டு அடித்தாளாம்.

அவளை அங்கே விட்டுவிட்டு பிளேன் ஏற என்னால் முடியாது. ஐந்து மாதத்தில் அந்த வீட்டுப் பெண்ணாகவே ஆகிவிடுவாள். யோசித்துவிட்டேன். வீட்டை விற்பதை ஜூனுக்குத் தள்ளுங்கள், நானும் இங்கேயே இருக்கிறேன். உங்களுக்குச் சாப்பாடு கஷ்டம், தெரியும். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் நிறையச் செய்து அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு உதவி. இதை நான் கேட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம், நீங்களாகவே முடிவு பண்ணியதாகச் சொல்லுங்கள். உங்கள் மேல் கோபம் வந்தால் நாலு நாள் போனுக்கு வரமாட்டாள், அவ்வளவுதான். என் மேல் கோபம் வந்தால் அவள் போய் உட்காருவது பக்கத்து வீட்டில்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அவளிடமே பேசிவிடுங்கள்.

அன்புடன்
ருக்மிணி