ஆறாத உரம்

உமைமா அத்தா,

நான் வண்ணாரப்பேட்டைக்கு, தங்கச்சி வூட்டுக்குப் போறேன். சாயங்காலம் வந்துடுவேன். ஷிப்டு முடிஞ்சு வந்த களைப்புல அப்படியே படுத்துடாதீங்க. சோறும் மீன் கொழம்பும் அடுப்பு மேல கீது, சுட வெச்சு சாப்புடுங்க.

குப்பையில உரம் பண்ணக் கத்துக்குடுத்த நவ்ரீன் டீச்சர் இன்னிக்கு வருவாங்க. பின்பக்கக் கதவு சாவி ஃபிரிட்ஜ் மேல கீது. ட்ரம்முல போட்ட தோட்டக் குப்பை இன்னும் ஏன் மக்கலன்னு கேப்பாங்க. நீங்களே பதில் சொல்லுங்க. பச்சை எலை போட்டா குப்பை சூடாயிகினே கீும், அத நிறுத்திட்டு ஆற வுட்டாத்தான் உரமாவும்னு அன்னிக்கே சொன்னாங்க. நீங்க தெனமும் முருங்கைய ஒடிச்சுப் போட்டுகினே கீறீங்க. சூடு ஏறினதும் உள்ள கைய வெச்சுகினு நிக்கறீங்க. எனக்குத் தெரியாதா? கடைசி காய்ச்சல்ல நம்ம பொண்ணு உமைமா நெத்தி இப்படித்தான் சுட்டுச்சு.

நேத்து கத்தினதுக்குக் கோச்சுக்காதீங்க. அவ நட்ட மருதாணி, பவர் பிளாண்ட் சாம்பல் படிஞ்ச மண்ணுல வெளுத்துப்போய் நிக்குது. அந்த உரம் அதுக்குத்தானே? அதுவும் போச்சுன்னா நமக்கு இன்னா மிச்சம்? இனிமே ஒரு எலை போடக் கூடாது. ஆறட்டும்.

ஜீனத்

டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க. கெளம்பறப்ப நானும் ட்ரம்முக்குள்ள கைய வெச்சுப் பாத்தேன். சூடு எறங்கிகினு இருந்துச்சு, அன்னிக்கு என் மடியில அவளுக்கு எறங்கின மாதிரியே. மனசு கேக்கல. கீரைத் தண்டு ரெண்டு கைப்பிடி போட்டுட்டேன்.