இருவருக்குச் சொல்லிவைத்த மேஜை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் உயிரோடும் நல்ல உடம்போடும் இருக்கிறேன் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். புயலில் உங்கள் எண்ணெய்க் கிணற்று மேடையின் போன் கோபுரம் சாய்ந்துவிட்டதாம். கடிதம் இருந்தால் சாமான் படகில் கொடுத்தனுப்புகிறோம் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். கூடவே, இந்த வாரம் உங்களுக்கு விடுப்பு இருந்ததையும், ஆட்களை ஏற்றும் படகு ஓடாததால் நீங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டதையும் சொன்னார்கள். என்னிடம் அடுத்த மாதம்தான் வருவேன் என்றிருந்தீர்கள். இருக்கட்டும்.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. மகளுக்குப் பரீட்சை முடிந்தது.

சனிக்கிழமை காலை ஒரு பெரிய உணவகத்திலிருந்து வீட்டுக்கு போன் வந்தது. உங்கள் கைபேசி கிடைக்கவில்லையாம். கைப்பழக்கத்தில் வீட்டு எண்ணையும் கொடுத்துவைத்திருக்கிறீர்கள். இன்று மாலை இருவருக்கு ஆறு வகை விருந்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒயினோடு. வருவது உறுதிதானே என்று கேட்டாள் அந்தப் பெண். உறுதிதான் என்றேன்.

பீரோவில் கட்டாமலே கிடந்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் கிளாஸை முகத்தில் ஊற்றிவிட்டு வருவதுதான் என் திட்டம். வந்தவர் ஒரு பல் டாக்டர். சின்னப் பெண்ணாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். என் வயதுதான். அதுவே எனக்குப் பெரிய ஏமாற்றம்.

நான் யார் என்று கேட்டார். உங்களுக்கு உறவு என்றேன். புயலால் நீங்கள் வர முடியாததைச் சொல்ல வந்தேன் என்றேன். இரண்டிலும் பொய் இல்லை. அவர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

வண்டிச் சக்கரம் போன்ற தட்டில் கட்டைவிரல் அளவு மீன் வந்தது. அதற்கு ஒரு வெள்ளை ஒயின். பச்சை ஆப்பிளை நறுக்கியதுபோல வாசனை. கிளாஸைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் அவர் உங்கள் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மஞ்சள் காமாலையில் போய்விட்டாளாம். நீங்கள் இன்னும் தேறவில்லையாம்.

"அவங்க ரொம்ப நல்லா பாடுவாங்களாமே. அந்தக் குரல் இன்னும் காதுல கேக்குதுன்னு சொல்லி அழுதாரு. அப்படி ஒருத்தங்க இருந்த வீட்டுக்கு நான் வந்தா நல்லா இருக்குமான்னு எனக்கே பயமா இருக்கு."

நான் அடுப்படியில் பாடினால் எழுந்து போய்க் கதவைச் சாத்துவீர்களே, அந்தக் குரல்தானா? செத்துப்போனவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஊற்ற எடுத்த ஒயினைக் குடித்துவிட்டேன்.

அடுத்து காளான் வந்தது, பிறகு நண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ். உங்கள் அலுவலக விருந்தில், இவளுக்கு ஜூஸ் போதும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். போதாது. அதை நான் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். எதுவும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து வந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அப்போதுதான், நல்லவேளை குழந்தை இல்லை, இருந்திருந்தால் அம்மா இல்லாமல் தவித்திருக்கும் என்று நீங்கள் அடிக்கடி சொல்வதாகச் சொன்னார்.

"குழந்தை இருக்கு. காலேஜ்ல படிக்குது," என்றேன். "நான்தான் அதோட அம்மா."

அந்த நேரம் பார்த்து வாத்துக் கறி வந்தது. பரிமாறியவர் பாவம், வாத்து எந்தப் பண்ணையில் வளர்ந்தது, சிவப்பு ஒயின் எந்த மலைச்சரிவில் விளைந்தது என்று மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் மகளின் போட்டோவைக் கேட்டார். வெகுநேரம் பார்த்தார். மூக்கு அப்படியே உங்கள் மூக்கு என்றார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"சாப்பிட்டுட்டுப் போங்க. நாம ஏன் பட்டினி கிடக்கணும்?"

சாப்பிட்டோம். வாத்தின் தோல் அப்பளம்போல நொறுங்கியது. சிவப்பு ஒயின் முதலில் துவர்த்து, பிறகு நெஞ்சு முழுக்கச் சூடாகப் பரவியது. தேன் விட்ட பாலாடைக்கட்டி வந்தபோது அவர் அழுதார். கடைசியில் வேகவைத்த பேரிக்காயும் இனிப்பு ஒயினும் வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். என்னிடமும் அவரிடமும் நீங்கள் சொன்ன பொய்களை ஒத்துப் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கினேன். இவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதே இல்லை. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை வக்கீலைப் பார்த்தேன். டாக்டரும் கூட வந்தார். எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் துணிமணிகளைப் பெட்டியில் போட்டு உங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன்.

என்னைக் கொன்றதையாவது ஒருநாள் மறந்துவிடுவேன். மகளைப் பிறக்கவே விடாமல் செய்துவிட்டீர்களே.

மகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா வரும் படகு எப்போது என்று தினமும் கேட்கிறாள். துறைமுகத்துக்கு அவளை நானே அழைத்துவருகிறேன். வழக்கம்போல ஓடிவந்து கட்டிக்கொள்வாள். அவள் கையை எடுப்பதற்கு முன்னால், நீங்களே உங்கள் வாயால் அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடல் சீக்கிரம் அடங்கட்டும். உங்கள் தலைமுடிக்கும் ஒரு சேதம் வராமல் நீங்கள் கரை வந்து சேர வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா