ஒரு கைப்பிடி யூரியா

திண்டிவனம்
24.1.86

அன்புத் தங்கைக்கு,

நீ விழுப்புரத்தில் வாங்கிவந்து என் கட்டிலருகே வைத்துவிட்டுப் போன பிகோனியாச் செடி கருகிவிட்டது. வந்ததும் தேடுவாய் என்று நானே எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னபடிதான் செய்தோம். மல்லாட்டைப் பிண்ணாக்கை ஊறவைத்து, தெளிந்ததில் நிறையத் தண்ணீர் கலந்து, பதினைந்து நாளைக்கு ஒரு டம்ளர் ஊற்றினோம். மாசிக் கடைசியில் பூக்கும் என்றாய். மொட்டு வைக்கிற மாதிரிதான் இருந்தது.

போன வாரம் உன் மாமா விழுப்புரம் போய் என் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "மாத்திரைய மாத்திக் குடுத்துக்கிறாரு" என்றார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் நான் கண்விழித்தபோது தொட்டி மண்மேல் கரைந்தும் கரையாமலும் ஒரு கைப்பிடி யூரியா கிடந்தது. இரண்டே நாளில் இலையெல்லாம் சுருண்டுவிட்டது.

"இன்னாத்துக்கு இம்மாம் போட்டீங்க?" என்றேன்.

"ஜல்தி பூக்கட்டும்னுதான்" என்றார், சன்னலைப் பார்த்துக்கொண்டு.

கழனியில் ஈரம் பார்த்து, யூரியாவை மூன்று தரமாகப் பிரித்துப் போடுகிற மனிதர். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் அளவு கேட்பார்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று அதன்பிறகு நான் கேட்கவில்லை. நீயும் அன்றைக்குக் கூடப் போயிருந்தாய். உன்னையும் கேட்கமாட்டேன்.

அவரை ஒன்றும் சொல்லிவிடாதே. வேறு செடி வாங்கி வா. இந்தத் தடவை பூத்திருக்கிற செடியாகவே பார்த்து வாங்கு.

உன் அக்கா