என் கையைக் கடித்தது எந்த நாய்

ஜூன் 10, செவ்வாய்

மேல்காற்று. கொடியில் காயப்போட்ட வேட்டியை மல்லாங்கிணறு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் காற்று. கண் காது எல்லாம் புழுதி.

வலது கையில் கட்டு, அதனால் இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. வழக்கமாகவே அப்படித்தான் என்பாள் வீட்டுக்காரி. (இனி வீ.கா. இடது கைக்கு அவ்வளவுதான் தெம்பு.)

வெளியில் சொன்னது ஒன்று. இங்கே நடந்தது மட்டும்.

சீனி, அக்கா மகள் கவிதாவின் நாய். வெள்ளைப் பொமரேனியன். ரோமத்தை எடுத்துவிட்டால் உள்ளே ஒரு மாம்பழம்தான் இருக்கும். வேலைப் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் போனவள், "ஒரு மாசம் பாத்துக்கங்க மாமா" என்று விட்டுப் போனாள். நான் அவனுக்குச் சீனிச் சக்கரவர்த்தி என்று பட்டம் சூட்டி, தினமும் தோளில் தூக்கி ஊர்வலம் நடத்தி வந்தேன். ஊரே சிரித்தது. எனக்கு அது போதும்.

இன்று காலை கண்மாய்க் கரை. பேச்சியம்மாள் ஆடுகளைத் தரிசில் மேயவிட்டு, மடைக்குப் பக்கத்தில் தன் வேட்டை நாய்க்குச் சட்டியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். பெயர் கருவாயன். கன்றுக்குட்டி உயரம். (சரி. ஆட்டுக்கிடா உயரம்.)

"ஏத்தா பேச்சி, சக்கரவர்த்தி வாராரு. ஒன் நாயை எந்திரிச்சுக் கும்பிடச் சொல்லு."

"திங்கையில கிட்டக் கொண்டாராதீகண்ணே. சட்டிப் பக்கம் நானே போகமாட்டேன்."

"கும்பிட மாட்டானா? அப்பக் கஞ்சியில பாதி வரி கட்டட்டும்."

சொல்லிவிட்டுச் சீனியைச் சட்டிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டேன். பேச்சி சிரிப்பாள் என்று. வேறு காரணம் எதுவும் இல்லை.

சீனி குரைத்தான். கருவாயன் ஒரே கவ்வு. ஈரத் துண்டை உதறுவது போல ஓர் உதறு.

நான் மடைச் சுவர் மேல் நின்றுகொண்டிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியவில்லை. வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தேன். வாயில் "அம்மே" என்று ஒரு சத்தம், அங்கே மேய்ந்த குட்டி ஒன்று திரும்பிப் பார்த்தது. பேச்சிதான் கருவாயனின் பின்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கிப் பின்னால் இழுத்தாள். வாய் விட்டது. அதன் பிறகு நான் இறங்கி வந்து, கிடந்த சீனியை வீரமாக அள்ளினேன். அவனுக்கு வலி. கையைக் கடித்துவிட்டான்.

அரசு ஆஸ்பத்திரி. ஊசி போட வரிசை. "எந்த நாயி கடிச்சுச்சு?" என்று நர்ஸம்மா கேட்டாள். வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்த்தால் எனக்கு வாய் நிற்காது.

"வேட்டை நாயிம்மா. புலி சைஸு. தாடையைப் பிளந்துல்ல புள்ளைய வெளிய எடுத்தேன்."

எழுதிக்கொண்டாள். ஒருவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

சீனிக்கு மஞ்சளும் நல்லெண்ணெயும். முதுகில் சின்னச் சின்ன ஓட்டைதான், ஆறிவிடும் என்று நானே தீர்ப்புச் சொன்னேன்.

ஜூன் 11, புதன்

சீனி ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கு அடியில். பால் தொடவில்லை. கை நீட்டினால் மேலுதடு தூக்குகிறது. முதுகு ஒரு பக்கம் புடைத்து, தொட்டால் கொதிக்கிறது. ஒரு வாடை.

டீக்கடையில் என் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. வளர்ந்தும் விட்டது. இப்போது கருவாயனுக்கு இரண்டு பல் உடைந்திருக்கிறது, என் முஷ்டியால். திருத்தவில்லை. "ஓரளவு உண்மைதான்" என்று அடக்கமாக ஒரு சிரிப்பு வேறு. அதை நினைத்தால் இப்போது காது சூடாகிறது.

வீடு திரும்பியதும் வீ.கா. "கதை முடிஞ்சிருச்சா? அங்க அது கெடந்து மொனங்குது."

காய்கறிக் கூடையில் துணி விரித்து, ஷேர் ஆட்டோவில் அருப்புக்கோட்டை, கால்நடை ஆஸ்பத்திரி. குழியில் இறங்கும்போதெல்லாம் கூடைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம். டிரைவரை மெதுவாக ஓட்டச் சொன்னேன். "மெதுவாப் போனா கூடக் குலுங்கும் சார், ரோடு அப்படி."

டாக்டரம்மா ரோமத்தை மழித்தார். சக்கரவர்த்தி ஒரு பக்கம் கோழிக்குஞ்சு ஆனார். தோல் முழுக்க ஊதா.

"மேல ஊசி குத்துன மாதிரிதான் இருக்கும். பிடிச்சு ஒதறுனதுல உள்ள தோலு கழண்டு பை மாதிரி ஆயிருச்சு. அதுல சீழு. ஓட்டைய மஞ்சளை வச்சு அடைச்சிருக்கீங்க. நேத்தே ஏன் கொண்டுவரல?"

"நேத்து எனக்கு ஊசி போடப் போயிட்டேன்மா."

அவர் என் கட்டைப் பார்த்தார். சீனியைப் பார்த்தார். மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். திட்டியிருக்கலாம்.

குறித்துக்கொண்டவை:
– தையல் கிடையாது. ஓட்டை திறந்தே இருக்க வேண்டும், சீழ் வடிய.
– காலை, மாலை: காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீர், ஊசி கழற்றிய சிரிஞ்சு, உள்ளே பீய்ச்சிக் கழுவ. வெளியே வரும் தண்ணீர் தெளியும் வரை.
– வலி மருந்து சாப்பாட்டுக்குப் பிறகு. நம் தலைவலி மாத்திரை எதுவும் கூடவே கூடாது.
– ஈ மொய்க்க விடக்கூடாது.
– நக்க விடக்கூடாது.

பெயிண்ட் பக்கெட் அடியை அறுத்துக் கழுத்தில் மாட்டினேன். எல்லா ராஜாவுக்கும் கிரீடம் தலையில். இவருக்குக் கழுத்தில். இதை எழுதும்போது சிரிப்பு வரும் என்று நினைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

காற்று நிற்கவில்லை. சமையல் கேஸ் சிலிண்டர் தீர்ந்தது, சொல்லியாயிற்று.

கழுவல். வீ.கா. தலையைப் பிடித்துக்கொண்டாள். சிரிஞ்சு நான். முதல் ஓட்டையில் பீய்ச்சினால் நாலு விரல் தள்ளி இன்னொரு ஓட்டையில் வருகிறது. அவ்வளவு தூரம் உள்ளே பிரிந்து கிடக்கிறது. மஞ்சளும் ரத்தமும் சீழும். அவன் கத்தவில்லை. கத்தினால் நல்லது. உடம்பை மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாதித் தண்ணி தரைக்குப் போகுது," என்றாள் வீ.கா.

"இடது கை."

"ம்."

மாலை கவிதா போன். டீக்கடைப் பயல் எவனோ ஸ்டேட்டஸில் என்னைப் போட்டிருக்கிறான்: 'நாயின் வாயைப் பிளந்த நம்ம மாமா'. அவளுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. அழுகை.

"நீங்க இல்லைன்னா சீனி செத்திருப்பான் மாமா. ஒங்களையே கடிச்சிருக்கு அது. அந்த நாயைச் சும்மா விடக்கூடாது. ஊர்ல சொல்லுங்க. சொல்லமாட்டீங்கன்னா நான் பேசுறேன்."

"சரிம்மா. நீ அழாதே."

சரிம்மா. எதற்குச் சரி?

போனை வைத்ததும் வீ.கா. என் கட்டைப் பிரித்து மருந்து வைத்தாள். பொறுமையாகப் பார்த்தாள். "புலிக்கு இம்புட்டுச் சின்னப் பல்லா?" என்றாள். பிறகு கட்டைச் சுற்றினாள். நல்ல இறுக்கமாக.

ஜூன் 13, வெள்ளி

இரண்டாவது ஊசி. நர்ஸம்மா "வாங்க பயில்வான்" என்றாள். நான் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தால் வாசலில் பேச்சி. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றே பேசினாள்.

"ஆளைக் கடிக்கிற நாயி ஊருக்குள்ள இருக்கக்கூடாதுன்னு ஊர்ப் பெரியாளுக சொல்லிட்டாகண்ணே. கோயம்புத்தூர்ல இருந்து ஒங்க அக்கா மக வேற போன் பண்ணிருக்காம். ஞாயித்துக்கெழமைக்குள்ள எங்கிட்டாவது கொண்டுபோயி விட்ரணுமாம். இல்லாட்டி அவுகளே பாத்துக்கிருவாகளாம்."

பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஒங்க நாய்க்குட்டியக் கடிச்சது நெசம். அதுக்கு என்னைய வைங்க, கேட்டுக்கிறேன். ஒங்க கையையுமா கடிச்சான்?"

"அந்தக் களேபரத்துல யாரு கடிச்சதுன்னு சரியாத் தெரியல பேச்சி."

"களேபரத்துல நீங்க எங்க இருந்தீக? செவத்து மேலல்ல இருந்தீக!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"நான் சொன்னா எடுபடாதுண்ணே. எங்காளுக பேச்சு அங்க என்னைக்கி எடுபட்டிருக்கு? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கருவாயன் இல்லாட்டி பட்டியில ஒரு குட்டி மிஞ்சாது. தெருநாயி கூட்டங் கூட்டமா வருது."

"பாப்போம்" என்றேன்.

இமயமலையைச் சுண்டுவிரலில் தூக்குகிற வாய் இது. 'பாப்போம்' என்றது.

ஜூன் 14, சனி

சீழ் குறைவு. தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாக வருகிறது. ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை. தயிர்ச்சோறு தின்றான், வீ.கா. கையிலிருந்து. நான் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். நான் வெளியே போனதும் மறுபடி தின்றானாம்.

சிலிண்டர் வந்தது.

டீக்கடைப் பக்கம் போகவில்லை. போகாததற்கு வீ.கா.விடம் சொன்னவை: வெயில், கால் வலி, நாய்க்கு மருந்து நேரம். எல்லாமே அரை உண்மை. எனக்கு அரை உண்மையே பெரிய சாதனை.

ஆட்டுப் பட்டிப் பக்கமிருந்து கருவாயன் குரைக்கிற சத்தம். எப்போதும் ஓடிக்கொண்டே குரைப்பான். இன்று ஒரே இடத்திலிருந்து. கட்டிப்போட்டிருக்கிறாள்.

படுக்கும்போது வீ.கா. "நாளைக்கு ஞாயிறு." விளக்கை அணைத்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

போனேன். டீக்கடையில் நல்ல கூட்டம். கறி எடுக்க வந்தவர்கள், சும்மா வந்தவர்கள். பேச்சி ரோட்டுக்கு அந்தப் பக்கம், கயிற்றில் கருவாயன். மல்லாங்கிணற்றில் அவள் தங்கச்சி வீடு. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்று லோடு ஆட்டோவுக்காக நின்றாள்.

சொன்னேன். சட்டிப் பக்கத்தில் இறக்கிவிட்டது நான். கடித்ததும் சுவர் மேல் ஏறியது நான். பிரித்தது பேச்சி. கையைக் கடித்தது சீனி.

சிரித்தார்கள். விழுந்து விழுந்து.

"ஏலே, மாமா செவத்து மேல ஏறுனாராம்ல!"

"பேச்சி பாவம்னு பழியத் தன் மேல போட்டுக்கிறாரு பாரு. அந்த மனசு யாருக்கு வரும்?"

"அண்ணே, புலி கதையவிட இது நல்லாருக்கு. இன்னொருக்காச் சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னேன். இன்னும் சிரிப்பு. இத்தனை வருஷம் இந்த வாயால் மழை பெய்ய வைத்தேன், ரயிலை நிறுத்தினேன், எங்கள் எம்.ரெட்டியபட்டிக்குச் சமுத்திரத்தையே கொண்டுவந்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். இதை நம்பவில்லை.

பேச்சி ரோட்டைத் தாண்டி வந்தாள். "எப்படி ஏறுனீக? செஞ்சு காட்டுங்கண்ணே."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

பெஞ்சு மேல் ஏறினேன். முழங்கால் இடித்தது. வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். அந்தச் சத்தத்தையும் போட்டேன். "அம்மே." கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிரிப்பு வெடித்தது. நான் இறங்கவில்லை. அப்படியே நின்றேன். அன்றைக்கு எவ்வளவு நேரம் நின்றேனோ அவ்வளவு நேரம். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு அடங்கியது. முதலில் டீ ஆற்றுகிறவன் தலை குனிந்துகொண்டான்.

"எறங்குங்க மாமா," என்றது ஒரு குரல். யார் என்று பார்க்கவில்லை.

யாரும் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. லோடு ஆட்டோ வந்தது. "வேணாம், போப்பா" என்று பேச்சி அனுப்பிவிட்டாள். ஒருவரும் தடுக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, "திங்கையில கொண்டாராதீகன்னு சொன்னேன்ல" என்றாள். நாயை இழுத்துக்கொண்டு பட்டிப் பக்கம் போனாள்.

வீட்டில் கழுவல். இன்று வீ.கா. சிரிஞ்சை வாங்கிக்கொண்டாள். தலையைப் பிடிக்க எனக்குக் கொடுத்தாள். உறுமினான். பிறகு விறைத்துக்கொண்டான்.

ஜூன் 16, திங்கள்

நாலு தூறல். மண் நனையவில்லை, வாசம் மட்டும்.

மருந்து கொடுத்தாயிற்று. பக்கெட்டைக் கழற்றிக் கழுவி வெயிலில் வைத்தேன்.

கவிதாவுக்கு இன்னும் சொல்லவில்லை. காலையிலிருந்து போனை எடுக்கிறேன், வைக்கிறேன். டீக்கடை பெரிதில்லை என்று இப்போது தெரிகிறது. ஒரு பீடிகை தயாரித்தேன்: 'அம்மா கவிதா, உன் மாமன் ஒரு மாபெரும்…' அடித்துவிட்டேன்.

மதியம் அவளே கூப்பிட்டாள். சொன்னேன். பட்டம் இல்லாமல், புலி இல்லாமல். கஞ்சிச் சட்டி, சுவர், பேச்சி, என் கை, ஆஸ்பத்திரியில் விட்ட கதை, சீனிக்கு ஒரு நாள் தாமதம். ஊருக்குப் போன் பண்ணி அந்த நாய் மேல் தப்பில்லை என்று அவள் வாயாலும் சொல்ல வேண்டும் என்றேன். "சொல்றேன்" என்றாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"நீங்க செவத்து மேல நின்னப்ப, சீனி ஒங்களைப் பாத்தானா மாமா?" என்றாள்.

பார்த்தான் என்றேன்.